பொட்டோடு வந்த வழக்கு

பிரெஞ்சுத் தலைநகரில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே என் அலுவலகம். நான் புதுச்சேரிக்காரி, பிரெஞ்சுக் குடியுரிமையோடு பிறந்தவள். அகதி வழக்கு எனக்குத் தொழில். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

2009க்குப் பிறகு என்னிடம் வந்த மனுக்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தன. போர் மட்டும் காரணமல்ல. தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில், மனுவுக்குக் கதை எழுதிக் கொடுப்பவர்கள் இருந்தார்கள். புதிதாக வந்தவர் வாய் திறக்குமுன், "உமக்கு என்ன நடந்தது எண்டு எனக்குத் தெரியும்" என்று எழுதித் தள்ளிவிடுவார்கள். தனக்கு நடந்ததை அவரவரே சொல்லட்டும் என்பது என் ஒரே கொள்கை. அதைக் கெடுப்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு நாள் ஓர் அம்மா புறநகரான பியர்ஃபித்திலிருந்து வந்தார். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, கழுத்தில் தாலிக்கொடி. மனுவிலோ கணவர் கொல்லப்பட்டதாக இருந்தது. அகதி அலுவலக நேர்காணலில் கேட்டபோது இவர் "இருக்கிறார்" என்றிருக்கிறார். முன்னுக்குப்பின் முரண் என்று நிராகரித்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது மேன்முறையீடு மட்டும். அதுவும் போனால் இவரை நாட்டுக்குத் திருப்பி அனுப்பலாம்.

"புருஷன் செத்துட்டார்னு யார் எழுதச் சொன்னது?"

"எழுதினவர்தான் அக்கா. செத்தால்தான் கேஸ் நிக்கும் எண்டவர். எனக்கு பிரெஞ்ச் வாசிக்கத் தெரியாது. அங்கை கேக்கேக்கைதான் தெரியும்."

"சரி, உயிரோட இருக்கார்னு எப்படிச் சொல்றீங்க?"

"நான்தானே கையால குடுத்தனான்."

போர் முடிந்த நாட்களில், இயக்கத்தில் இருந்தவர்கள் சரணடையலாம், விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்று இராணுவம் அறிவித்திருந்தது. அதை நம்பி, கணவரின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஒப்படைத்தவர் இவரே. மற்றவர்களோடு அவரையும் பேருந்தில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

"நீதிபதி கேட்டா, 'தெரியாது'ன்னு சொல்லுங்க. அதுல பொய்யும் இல்ல, வம்பும் இல்ல" என்றேன்.

"மாட்டன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "பிடிவாதம் பிடிச்சா எப்படிம்மா? திருப்பி அனுப்பிடுவாங்க!"

"தெரியாது எண்டு நான் சொன்னால், குடுக்கவேயில்லை எண்டு ஆமிக்காரர் சொல்லுவினம், அக்கா."

நல்ல பதில்தான். ஆனால் நல்ல பதில்கள் தோற்றுப் போவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

விசாரணையன்றும் அதே பொட்டு. கணவர் உயிரோடு இருக்கிறாரா என்று நீதிபதி கேட்டார். அந்த அம்மா என் பக்கம் திரும்பவேயில்லை.

"உயிரோட குடுத்தனான். செத்திட்டார் எண்டால், வாங்கினவை வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் அவர் இருக்கிறார்."

மொழிபெயர்ப்பாளர் பிரெஞ்சில் சொன்னார். நான் தயாரித்து வைத்திருந்த வாதத்தை மூடி வைத்தேன். இப்படிக் கேட்டுக்கொண்டே இருக்கும் ஒருவரைத் திருப்பி அனுப்பினால், அங்கே இவரை விட்டு வைப்பார்களா என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

அகதி அந்தஸ்து கிடைத்தது. ஒரு டப்பா நிறையப் பயற்றம் பணியாரத்தோடு படியேறி வந்தார். எனக்கும் சந்தோஷம்தான், வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தேன்.

"இனி எப்ப அக்கா விசாரிப்பினம்?"

"யாரை?"

"அவரை வாங்கினவையை."

அந்த நீதிமன்றத்தின் வேலை இவருக்கு இங்கே இடம் கொடுக்கலாமா என்று பார்ப்பது மட்டும்தான் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நான் சொன்னதை நம்பினவைதானே?"

"நம்பினாங்க. அதனாலதான் உங்களுக்கு கார்ட்."

"நம்பிப்போட்டுமோ ஒண்டும் கேக்க மாட்டினம்?"

"அந்த கோர்ட் கேக்காதும்மா."

என் தொழில் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. அவர் டப்பாவை என் பக்கம் தள்ளி வைத்தார்.

"அப்ப கேக்கிற கோர்ட் எது எண்டு பாத்துச் சொல்லுங்கோ. நான் வாறன்."

ரூ பஜோல் தெருவில் கோயில் தேர் ஓடும் நாளில் ஒவ்வொரு வருடமும் அவரைப் பார்க்கிறேன். தலை நரைத்துவிட்டது. பொட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. மேளச் சத்தத்தில் காதருகே வந்து கேட்பார்:

"கோர்ட் கிடைச்சுதோ அக்கா?"

"இன்னும் இல்லம்மா."