இடப்பக்கத்துப் பள்ளம்

பொத்தேரியில் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தபோது என் இடது மார்பில் இரண்டு கட்டிகள் வந்தன. செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனையில் அறுத்து எடுத்தார்கள். புற்று இல்லை, வெறும் நார்க்கட்டி என்று ரிப்போர்ட் வந்தது. அம்மா அதை பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள்.

"யாராண்டயும் சொல்லிகினு இருக்காத. நாளைக்கு வரன் பாக்கணும்."

கட்டிகளோடு கொஞ்சம் சதையும் போனதில் அந்தப் பக்கம் குழிந்துவிட்டது. கைக்குட்டையை நான்காக மடித்து உள்ளே வைத்துக்கொள்ளப் பழகினேன். ஒருநாள் இரண்டுநாள் இல்லை, பதினான்கு வருடம்.

கல்யாணமான முதல் வாரமே கணவரிடம் சொல்லிவிட்டேன். தழும்பைப் பார்த்துவிட்டு, "இது எனக்கும் ஒட்டிக்குமா?" என்று கேட்டார். படித்தவர். அம்மாவின் பீரோவிலிருந்து எடுத்து வந்திருந்த ரிப்போர்ட்டைக் காட்டினேன். கவனமாகப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். அதன்பிறகு அவர் கை அந்தப் பக்கம் வந்ததில்லை. மூன்று வருடத்தில் பிரிந்தோம். வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்தக் கேள்விதான்.

இப்போது படூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தனியாக இருக்கிறேன், பக்கத்துக் கல்லூரி அலுவலகத்தில் வேலை. போன வருடம் ஆண்டு விழா அன்று புடவையைச் சரிசெய்தபோது கைக்குட்டை நழுவி விழுந்துவிட்டது. உடன் வேலை செய்பவர் குனிந்து எடுத்து, "மேடம், உங்க கர்ச்சீப்" என்று நீட்டினார். அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் வாங்கிக்கொண்டு கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அங்கே நின்றபடிதான் முடிவு செய்தேன்.

ஒரு பெண் பிளாஸ்டிக் சர்ஜனிடம் போனேன். எடுத்த எடுப்பிலேயே அவர் கத்தியைப் பற்றிப் பேசவில்லை. முதலில் மேமோகிராம், பிறகு ஸ்கேன் என்றார். படத்தை விளக்கில் மாட்டிக் காட்டினார். முழுக்க வெள்ளை.

"உங்களுக்குச் சதை அடர்த்தி அதிகம். கட்டியும் வெள்ளையாத்தான் தெரியும். சுண்ணாம்புச் சுவத்துல வெள்ளைப் பல்லியைத் தேடற மாதிரி. ஸ்கேன்ல வலது பக்கம் ஒண்ணு தெரியுது. ஊசியால கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம்."

ரிப்போர்ட் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்க முடியாமல் பஸ் பிடித்துக் கோவளம் கடற்கரைக்குப் போனேன். படகுகளுக்கு நடுவே உட்கார்ந்து அம்மாவுக்கு ஒரு செய்தி தட்டினேன். அழித்தேன். மறுபடி தட்டினேன். கடைசியில் "சாப்பிட்டியாம்மா?" என்று மட்டும் அனுப்பினேன். "ஆச்சு" என்று பதில் வந்தது. போனில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழ்வரை தள்ளிப் பார்த்தேன். இதைச் சொல்ல ஓர் ஆள் இல்லை.

வலது பக்கத்தில் இருந்ததும் நார்க்கட்டிதான். இரண்டு பக்கமும் உள்ளே சிலிகோன் பை வைத்து அளவைச் சமமாக்கலாம் என்றார் டாக்டர். இனி மேமோகிராம் எடுக்கும்போது முன்கூட்டியே சொல்ல வேண்டும், கூடுதலாகப் படம் எடுப்பார்கள், பின்னால் என்றாவது இதை மாற்றவும் வேண்டியிருக்கலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். "ஆபரேஷன் அன்னிக்குக் கூட யார் வருவாங்க?" என்றபோதுதான் விழித்தேன்.

எங்கள் குடியிருப்பில் வீட்டு வேலை செய்யும் அக்கா கோவளத்திலிருந்து வருகிறவர். அவரிடம் கேட்டேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு முழுவதும் கேட்டார்.

"யாருக்கோசரம்மா இதெல்லாம்?"

"யாருக்கும் இல்லக்கா. எனக்குத்தான்."

அக்கா துடைப்பத்தை மறுபடி கையில் எடுத்தார். "அப்ப சரி. வர்றேன்."

மருத்துவமனையில் நர்ஸ் படிவத்தை நிரப்பிக்கொண்டே, "நீங்க இவங்களுக்கு என்ன உறவு?" என்றாள். "அக்கான்னு போட்டுக்க" என்று அக்கா சொல்லி, எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டார். மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது நெஞ்சின்மேல் யாரோ அம்மிக்கல்லை ஏற்றியதுபோல் கனத்தது. அக்கா இட்லியைப் பிட்டு ஊட்டினார். "நல்லாத்தான் கீது, பயப்படாத" என்றார். கட்டுக்குள் எதையும் அவர் பார்த்திருக்க வழியில்லை. மறுநாள் என்னை வீட்டில் விட்டுவிட்டு அவர் வேலைக்குப் போய்விட்டார். கையைத் தூக்க முடியாத அந்த வாரங்களில் தலையும் அவர்தான் பின்னிவிட்டார். மற்ற நேரமெல்லாம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

கட்டுப் பிரித்த அன்று குளியலறைக் கண்ணாடி முன் வெகுநேரம் நின்றேன். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தன. இதைக் காட்டவும் ஆள் இல்லை என்பது அப்போது உறைத்தது. ஆனாலும் சிரித்தேன்.

அலுவலகத்தில் "லீவுல எங்க போனீங்க?" என்று கேட்டார்கள். "மாமல்லபுரம்" என்று சொல்லிவைத்தேன்.

அடுத்த மாதம் செங்கல்பட்டில் அம்மா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்.

"டெய்லர மாத்திட்டியா? ஜாக்கெட்ட நல்லா தச்சிகிறானே" என்றாள்.

"ஆமாம்மா."

"எனக்கும் ரெண்டு தச்சி வாங்கியா" என்று சொல்லி, அளவு ஜாக்கெட் எடுக்க உள்ளே போனாள்.