செல்லக்கனி கொடுத்த அரை மாத்திரை

தண்டையார்பேட்டையில் வெள்ளத்துரை அண்ணாச்சி மளிகைக்கடை என்றால் யாரைக் கேட்டாலும் வழி காட்டுவார்கள். ஆனால் அங்கே வருகிற பொம்பளைகள் தேடுவது அண்ணாச்சியை அல்ல, அவர் சம்சாரம் செல்லக்கனியை. சாத்தான்குளத்துக்காரி. கல்யாணமாகிப் பதினோரு வருஷம், பிள்ளை இல்லை. அதனாலோ என்னவோ, தெருவில் யார் மாசமானாலும் அவளுக்குத்தான் வாயெல்லாம் பல்லாகும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு. வீட்டுக்கு வீடு கிணறு, கிணற்றுக்குக் கிணறு கொசு. ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்காய்ச்சல் வந்து ஆளை உலுக்கி எடுக்கும். கடையில் ஒரு கண்ணாடி ஜாடி நிறைய மலேரியா மாத்திரை இருந்தது. மிட்டாய் கொடுக்கிற மாதிரி ஒன்றும் இரண்டுமாகக் கொடுப்பார்கள். பிள்ளைத்தாச்சி கேட்டால் மட்டும் செல்லக்கனி பாக்குவெட்டியை எடுத்து, மாத்திரையைச் சரிபாதியாக நறுக்குவாள்.

"முழுசு சூடு தாயி, வயித்துப் பிள்ளை தாங்காது. காய்ச்சல் விட்டதும் நிறுத்திப்புடு."

மகராசி, என்ன பக்குவம் என்று தெருவே மெச்சியது. அட, மெச்சாமல் என்ன செய்யும்! அவள் மனசு அப்படி.

பின்வீட்டுத் தாஹிராவுக்கு அப்போது ஏழாம் மாசம். புருஷன் ஜஹாங்கீர் துறைமுகக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். முந்தின கரு ஐந்தாம் மாசத்தில் காய்ச்சலோடு காய்ச்சலாகக் கலைந்துபோயிருந்தது. இந்தத் தடவையும் காய்ச்சல் வந்தது. அரை மாத்திரையில் விட்டது. பத்து நாளில் திரும்பி வந்தது, மறுபடியும் அரை, மறுபடியும் விட்டது. மூன்றாம் தடவை எத்தனை அரை போட்டும் அசைந்து கொடுக்கவில்லை. செல்லக்கனி பதறிப்போய், அவளை ரிக்ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அரையும் குறையுமா கொடுத்துக் கொடுத்து, கிருமி இந்த மாத்திரைக்குப் பழகிப்போச்சு. இனிமே இது கேட்காது. யார் கொடுத்தது?"

செல்லக்கனிதான் சொன்னாள். "நான்தாம்மா."

கொயினா என்கிற கசப்பு மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள். ஏழு நாள், வேளைக்கு ஒன்று, மூன்று வேளை. ஒன்றுகூட விடக்கூடாது, குறைக்கக்கூடாது, விட்டால் தாயும் பிழைக்கமாட்டாள், பிள்ளையும் பிழைக்காது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் தாஹிரா மாத்திரையைத் தொடவே மாட்டேன் என்றாள். கொயினா தின்றால் கரு கரைந்துவிடும் என்பதுதான் அந்தத் தெருவில் எல்லோரும் பேசுகிற பேச்சு. உடம்பு அனலாய்க் கொதிக்கிறது, பல் கிட்டுகிறது, ஆனாலும் செல்லக்கனியின் கையை விடவில்லை.

"அக்கா, எனக்குப் பயமா கீது. நீ பாதியாக்கிக் குடு, துன்றேன். நீ குடுத்தா ஒண்ணும் ஆவாது."

செல்லக்கனி கையை உருவிக்கொண்டாள். இத்தனை நாள் எந்தக் கையை நம்பி இவள் மாத்திரை வாங்கினாளோ, அதே கையை நம்பி இன்னும் கேட்கிறாளே!

"கொடுக்க மாட்டேன்ட்டி. நான் அரை கொடுத்துத்தான் உனக்கு இந்த கதி. முழுசாக் கொடுத்திருந்தா காய்ச்சல் முதல்லயே போயிருக்கும்."

தாஹிரா மெல்லக் கேட்டாள்.

"போன தபா மாசமா இருந்தப்பவும் நீதானேக்கா குடுத்த?"

இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவளால் முடியவில்லை.

"ஆமா தாயி. அதுவும் என்னாலதானோ என்னமோ. எனக்குத் தெரியல."

வெளியே போ என்று சொல்வாள், சொன்னால் போய்விட வேண்டியதுதான் என்று எண்ணிக்கொண்டு செல்லக்கனி எழுந்து நின்றாள். தாஹிரா கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

"முழுசாவே குடு. இப்டி என் எதிர்லயே குந்து."

ஏழு நாளும், மூன்று வேளையும், குந்தினாள். காது அடைக்கிறது, தலை சுற்றுகிறது என்று தாஹிரா அழுதாள். செல்லக்கனி வயிற்றில் கைவைத்துப் பார்த்து, "உதைக்கிறான், உதைக்கிறான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. விட்ட பிறகும் பாக்கி மூன்று நாளும் கொடுத்தாள்.

ஒன்பதாம் மாசக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. சின்னதுதான், நாலரை ராத்தல். செல்லக்கனி பிரசவ வார்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"இன்னாக்கா அங்கயே நின்னுகினு கீற? வந்து வாங்கிக்கோ."

வாங்கிக்கொண்டாள். போன குழந்தைக்கும் சேர்த்து அப்போதுதான் இரண்டு பேரும் அழுதார்கள்.