சுமதி பேசிக்கொண்டிருந்த கிணறு

இந்தக் குழந்தையை எங்கள் வீட்டைவிட்டு எடுத்துக்கொள்ளும் ஆண்டவரே என்று நான் ஜெபித்திருக்கிறேன். ஒரு நாள் இல்லை, பல நாள். ஆண்டவர் செய்ததைச் சாட்சி சொல்ல வந்தவள் இதை மறைக்கக்கூடாது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் எஸ்தர். ஆரணியில் நெசவுத் தெருவில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் சாமுவேல் பட்டுத்தறி நெய்கிறார், நான் நூலைக் குச்சியில் தார் சுற்றிக் கொடுப்பேன். கல்யாணமாகிப் பதினோரு வருடம் எங்களுக்குக் குழந்தை இல்லை. 1999-ல் எங்கள் போதகரின் மனைவி ஒரு செய்தி கொண்டுவந்தார். தேசூர் பக்கத்துக் கிராமம், ஆறு வயதுப் பெண் குழந்தை, பெயர் சுமதி. அப்பா எப்போதோ விட்டுப் போய்விட்டார், அம்மா இறந்துவிட்டாள். ஒரு இல்லத்தில் வைத்திருந்தார்கள். மற்ற பிள்ளைகள் அவளைக் கண்டு பயப்படுகிறார்கள், ஒரு குடும்பத்தில் வளர்ந்தால் நல்லது என்றார்களாம். எதற்காகப் பயப்படுகிறார்கள் என்று எங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை. தகப்பனில்லாத பிள்ளைக்கு வீடு கொடுப்பது ஆண்டவருக்கே கொடுப்பது என்று நம்பினோம். கையெழுத்துப் போட்டு, வளர்ப்புக்கு அழைத்து வந்தோம்.

வந்த அன்றே பின்பக்கம் போனாள். அங்கே ஒரு கிணறு உண்டு, பட்டு நூல் அலசுவதற்கு அந்தத் தண்ணீர்தான். கைப்பிடிச் சுவரில் மோவாயை வைத்துக்கொண்டு உள்ளே பார்த்துப் பேச ஆரம்பித்தாள்.

விளையாட்டு என்று நினைத்தேன். ஆனால் தினமும் போனாள். பேசுவாள், நிறுத்துவாள், தலையைச் சாய்த்துக் கேட்பாள், பிறகு பதில் சொல்வாள். சில சமயம் சிரிப்பாள். இரண்டு இட்லி வைத்தால் ஒன்றைத் தின்றுவிட்டு மற்றதைக் கிணற்றில் போடுவாள். வீட்டுக்குள் இருக்கும்போதும் யாரோ கூப்பிட்டதுபோலச் சட்டென்று திரும்புவாள். எங்களிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசமாட்டாள். அழவும் மாட்டாள்.

ஒரு மத்தியானம் நான் தார் சுற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். அவள் என்னிடம் முதன்முதலில் பேசியது அப்போதுதான்.

"அத்தே, உன் வயித்துல ஒரு பாப்பா செத்துப்போச்சா? அம்மா சொல்லுச்சு."

கல்யாணமான மூன்றாம் வருடம் எனக்கு ஒன்று கலைந்தது. அவருக்கும் எனக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அன்றைக்கு என் கையில் நூல் அறுந்துவிட்டது.

பக்கத்து வீட்டு மல்லிகா மறுவாரம் மதிலோரம் வந்து, மெதுவான குரலில் சொன்னாள்.

"அக்கா, அந்தப் பொண்ணு பேசிகினு இருக்கும்போது கீழேர்ந்து பதிலு வருதுக்கா. என் காதால கேட்டேன்."

சபையில் சிலர் அசுத்த ஆவி என்றார்கள். திருப்பி அனுப்பச் சொன்னார்கள். நானும் அதற்காகத்தான் ஜெபித்துக்கொண்டிருந்தேன். அவளைக் குளிப்பாட்டும்போதுகூட அவள் முகத்தை நேராகப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அந்தச் சமயத்தில் சுமதியின் தாய்மாமன் அவளைப் பார்க்க வந்தார். அவள் அம்மா வயல் கிணற்றில் தவறி விழுந்து இறந்தவள் என்று அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ஊரார் போய்ப் பார்த்தபோது குழந்தை கிணற்றோரம் உட்கார்ந்து கீழே பார்த்துப் பேசிக்கொண்டிருந்ததாம். விழுந்து இரண்டு நாள் ஆகியிருந்ததாம்.

அவர் போனதும், கிணற்றுக்கு இரும்புக் கம்பி வலை போட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம். அமாவாசையன்று சாமுவேல் இரும்புப் பட்டறைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவதாகக் கிளம்பினார். அமாவாசைக்கு எங்கள் தெருவில் யாரும் தறி ஓட்டமாட்டார்கள். மற்ற நாளெல்லாம் தடதடவென்று இருக்கும் தெருவில் அன்று ஒரு சத்தமும் இல்லை. நான் சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். சுமதியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"வரேன்மா."

ஓடிவந்து பார்த்தேன். கைப்பிடிச் சுவர்மேல் கிணற்றுப் பக்கம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்க்காமலே, வாசற்படியில் நிற்பது நான்தான் என்று தெரிந்ததுபோல் சொன்னாள்.

"அத்தே, அம்மா கூப்புடுது. தனியா இருக்குதாம்."

கத்தினால் விழுந்துவிடுவாள். பின்கழுத்தில் யாரோ ஈரக்கையை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. இவளை எடுத்துக்கொள்ளும் என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேனே, அந்த ஜெபம்தான் இப்போது கேட்கப்படுகிறதோ என்று நினைத்தேன். அதைப்போன்ற பயம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. ஆண்டவரே, வேண்டாம். இவள் எனக்கு வேண்டும். எனக்குப் பயமாயிருக்கிறது, நீர் என்னோடு வாரும் என்றேன். வாய்விட்டுச் சொன்னேனா, தெரியாது.

கழுத்தில் இருந்த பாரம் போய்விட்டது. மெள்ள நடந்துபோய் அவள் பக்கத்தில், அவளைப் போலவே காலை உள்ளே விட்டு உட்கார்ந்தேன். ஒரு கையால் அவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்தேன். பிறகு நானும் கிணற்றுக்குள் பார்த்துப் பேசினேன்.

"அம்மா, உன் பொண்ணு என் கையில கீறா. நான் வுட மாட்டேன். நீ நிம்மதியா ஆண்டவர்கிட்ட போ."

என் குரல் சுற்றிவந்து அடங்கியது. சுமதி தலையைச் சாய்த்து வெகுநேரம் கேட்டாள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் வாளி விழாமல், கல் விழாமல், கீழே தண்ணீர் நடுவிலிருந்து வட்டவட்டமாக அசைந்து சுவரைத் தொட்டதைப் பார்த்தேன்.

"சரின்னுச்சு" என்றாள் சுமதி. கொஞ்சம் பொறுத்து, "பசிக்குது" என்றாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன். ஒரு வாய் ஊட்டினேன். அப்புறம் அழ ஆரம்பித்தவள் சாயங்காலம் வரை என் மடியில் அழுதாள். அதற்குப் பிறகு அவள் கிணற்றோடு பேசவே இல்லை.

பல மாதம் கழித்து அவளாகச் சொன்னாள். அம்மா விழுந்த உடனே சாகவில்லையாம். விடியும்வரை கீழிருந்து குரல் கொடுத்தாளாம். எங்கேயும் போகாதே, தூங்காதே, என்னோடு பேசிக்கிட்டே இரு என்றாளாம். பேச்சை நிறுத்தலாம் என்று அந்தக் குழந்தைக்கு யாருமே சொல்லவில்லை. தாய் சொன்னதைத் தட்டாமல் செய்துகொண்டிருந்த பிள்ளையைப் பார்த்துத்தான் நாங்கள் எல்லாரும் பயந்தோம்.

செத்தவளோடு பேசியது தவறு என்று சபையில் சிலர் என்னைக் கண்டித்தார்கள். போதகரிடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னேன். "அந்த எடத்துல ஆண்டவரு உனுக்கு இன்னா வார்த்தை குடுத்தாரோ, அதைத்தான் சொல்லிகீறம்மா" என்றார். அது போதும் என்று இருந்துவிட்டேன்.

சுமதி போன வருடம் பத்தாவது பாஸ் செய்தாள். இந்தப் பத்து வருடத்தில் இன்னும் நான்கு குழந்தைகள் எங்கள் வீட்டில் தங்கி வளர்ந்து போயிருக்கிறார்கள். இரண்டு பேர் தங்கள் சொந்தக்காரரிடமே நல்லபடியாகத் திரும்பினார்கள். குழந்தை வேண்டும் என்று பதினோரு வருடம் கேட்ட எனக்கு, நான் கேட்ட விதத்தில் அல்ல, தமக்குச் சித்தமான விதத்தில் கொடுத்த தேவனுக்கு ஸ்தோத்திரம்.

பிரியமானவர்களே, சிரித்த முகமான குழந்தையைத் தேடிப் போகாதீர்கள். அதை எடுக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். எல்லாரும் வேண்டாம் என்று அனுப்பிய ஒரு பிள்ளை உங்கள் ஊருக்குப் பக்கத்திலும் இருக்கும். அதைப் பற்றி விசாரியுங்கள். தைரியம் வந்த பிறகு போகலாம் என்று காத்திருக்கவேண்டாம், எனக்கு அது முன்னதாக வரவில்லை.

வருகிற திங்கட்கிழமை சேத்துப்பட்டுப் பக்கத்திலிருந்து நான்கு வயதுப் பெண் ஒருத்தி எங்களிடம் வருகிறாள். கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்கிறாளாம். பார்வையில் குறை ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அவள் எதைப் பார்த்தாளோ, எங்களுக்கு இன்னும் தெரியாது. ஜெபத்தில் அவளை நினைத்துக்கொள்ளுங்கள்.