துடைத்தெடுத்த வெள்ளைப் பசை

தேங்காய்ப்பட்டணத்தில் எங்கள் வீட்டைக் கிறிஸ்மஸுக்குக் கழுவிய கையோடு, கம்ப்யூட்டரையும் திறந்து, ஃபேனோடு, சூட்டைத் தணிக்கும் கூலரைக் கழற்றித் தூசி தட்டினேன். அடியில் பிராசசர்மேல் ஒட்டியிருந்த வெள்ளைப் பசையை அழுக்கென்று நினைத்துச் சுத்தமாகத் துடைத்தும்விட்டேன்.

அதன்பிறகு குவைத்திலிருக்கும் கணவரோடு வீடியோவில் பேசத் தொடங்கினாலே கம்ப்யூட்டர் அணைந்துவிடும். "ஏட்டி, பேச இஷ்டமில்லன்னா சொல்லு, இப்படி கட் பண்ணாத" என்று போனில் சத்தம் போட்டார். சமாதானம் சொல்லியே ஓய்ந்துபோனேன்.

நான் துடைத்ததைச் சொன்னதும், பழுதுபார்க்க வந்தவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அது அழுக்கில்லக்கா, சூட்டைக் கூலருக்குக் கடத்துத பசையாக்கும். அது இல்லன்னா பெட்டி கொதிச்சு அணைஞ்சிரும்" என்று புதிதாகப் பூசிக் கொடுத்தார்.

இப்போது கம்ப்யூட்டரை வெளியே மட்டும்தான் துடைக்கிறேன். பேச்சு பாதியில் நின்றால் பெட்டியைத் தொட்டுப் பார்ப்பேன். அது கொதிக்கவில்லையென்றால், கட் பண்ணியது அவர்தான்.