காலி வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்

சாவி கையில் இருக்கிறது. வீடு காலி என்பதும் தெரியும். ஜன்னல் திரைகளைக் கழற்றி வண்டியில் ஏற்றியபோது அவரே கூட நின்றார். ஆனாலும் கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, தலையைச் சாய்த்துக் காத்திருக்கிறார். வீடு பார்க்க வந்தவர்கள் பின்னால் நின்று ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். "உள்ள யாருங்க இருக்கா?" என்று கேட்டால், "யாரும் இல்லதான். இருந்தாலும் நம்ம வீடு இல்லையே" என்பார். அதற்குப் பிறகுதான் பூட்டில் சாவி நுழையும்.

வீட்டுத் தரகர். தெருவில் அவருக்குக் 'கேட்டுச்சொல்றவர்' என்று பெயர். வாடகை குறையுமா, அலமாரியை விட்டுவிட்டுப் போவார்களா, மொட்டைமாடியில் துணி காயப்போடலாமா, எதைக் கேட்டாலும் "கேட்டுச் சொல்றேன்" என்பதுதான் பதில். பதில் தெரிந்த கேள்விக்கும் அதேதான். ஒருநாள் மனைவி, "இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவா?" என்று கேட்க, ஏதோ நினைப்பில் "கேட்டுச் சொல்றேன்" என்றாராம். "யாரை? வயித்தையா?" என்று அந்த அம்மாள் கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டார்.

காட்டப் போகும் வீட்டில் அவர் உட்கார மாட்டார். முழங்கால் வலி உண்டு, நாற்காலியும் கிடக்கும். சுவரில்கூடச் சாய மாட்டார். குழாயில் தண்ணீர் பிடித்துக் குடிக்க மாட்டார். தோள்பையில் அவருடைய பாட்டில் இருக்கிறது. சாவிக்கொத்தில் ஒவ்வொரு சாவிக்கும் ஒரு நிறத் துணிக் கிழிசல். "ஊர்ல பாதி வீடு உங்க கையில" என்று யாராவது முகஸ்துதி செய்தால், "சாவிதான் கையில. பல்லக்குத் தூக்குறவன் உள்ள ஏறி உக்காந்தா என்ன ஆகும்?" என்பார், கொட்டாவியை அடக்கிக்கொண்டு.

தொழிலில் அவர் வகுத்துக்கொண்ட எல்லை அது. வீட்டுக்காரர் 'ஆள் பாருங்க' என்றால், ஆளைக் கூட்டிவரலாம். வீட்டைக் காட்டலாம். இவர் சொன்னதை அவரிடமும் அவர் சொன்னதை இவரிடமும் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். 'கொடுத்தாச்சு' என்று மட்டும் சொல்லக் கூடாது. அதைச் சொல்ல வீட்டுக்காரர் நேரில் வர வேண்டும், இல்லையென்றால் தன் சார்பில் முடிக்கச் சொல்லிப் பவர் எழுதித் தர வேண்டும். "காட்டுறது வேற, கொடுக்கிறது வேற" என்று டீக்கடையில் சக தரகர்களிடம் பலமுறை சொல்லியாயிற்று; இப்போதெல்லாம் இவர் வாயைத் திறக்குமுன் அவர்களே சொல்லி முடித்துவிடுவார்கள்.

அப்படிப்பட்டவர் இந்த முறை வார்த்தையை விட்டுவிட்டார்.

வந்தவர் ஒரு நர்ஸ். இரவுப் பணி முடித்து, தூங்காத கண்ணோடு மாமனாரை ஆட்டோவில் கூட்டிவந்திருந்தார். பெரியவருக்குச் சக்கர நாற்காலி. இப்போது இருப்பது மாடி வீடு. ஆஸ்பத்திரிக்கு என்றால் இரண்டு பேர் தூக்கி இறக்க வேண்டும். தரகர் வாடகைக்குக் காட்டியதோ தரைத்தள வீடு, வாசலில் ஒரு படிகூட இல்லை. தட்டிவிட்டுக் கதவைத் திறந்ததும் பெரியவர் மருமகளின் கையை விலக்கிவிட்டுத் தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு போனார். கூடத்தைக் கடந்து குளியலறை வரை போய், உள்ளே நுழைந்து, திரும்பி வந்தார். "இடிக்கலம்மா!" என்றார். 

"எங்களுக்குக் கிடைக்குமாண்ணே?" என்றார் நர்ஸ்.

அன்றைக்கு அது கடைசி வீடு. முழங்கால் விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. வெளிநாட்டிலிருக்கும் வீட்டுக்காரர் முந்தின நாள்தான் போனில், "நல்ல ஆளா இருந்தா பேசுங்கண்ணே" என்று சொல்லியிருந்தார். 'பேசுங்க' என்றால் பேசத்தான். அது தரகருக்குத் தெரியாததல்ல. ஆனால் வாய் முந்திக்கொண்டது: "உங்களுக்குத்தாம்மா. மூட்டை கட்டுங்க."

நர்ஸ் கட்டிவிட்டார். இருக்கும் வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லியும்விட்டார். அங்கே அடுத்த குடித்தனம் வந்து அறைகளை அளந்துகொண்டு போயிற்று.

இன்று காலை வீட்டுக்காரரின் போன். "அண்ணே, அந்த வீட்டை என் மச்சானுக்கே கொடுக்கிறதா முடிவாயிடுச்சு. வேற யாருக்கும் காட்ட வேண்டாம்."

"சார், ஒரு குடும்பத்துக்கு வார்த்தை கொடுத்துட்டேன்."

"யாரைக் கேட்டுக் கொடுத்தீங்க?"

தரகர் போனை வைத்தார். பக்கத்து மாடியிலிருக்கும் வக்கீலிடம் போனார். வக்கீல் கேட்டுவிட்டுச் சிரித்தார். "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னுதான் கேள்விப்பட்டிருக்கேன். இங்க பூசாரி குடுத்துட்டாரு, சாமி கைய விரிச்சிட்டாரு!" பிறகு நிதானமாகச் சொன்னார்: "வாடகைக்கு விடுற அதிகாரம் உங்களுக்கு இல்லண்ணே. நீங்க சொன்னது அவரைக் கட்டாது. எழுத்தும் இல்ல, முன்பணமும் இல்ல. அந்தம்மா எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் அந்த வீடு கிடைக்காது. நீங்க ஏன் முகத்தைத் தொங்கப்போடுறீங்க?"

"அப்ப நான் சொன்னது?"

"சொல்லவே இல்லன்னு வெச்சுக்குங்க."

"அவங்க மூட்டை கட்டிட்டாங்க சார்" என்றார் தரகர். வக்கீல் அடுத்த கட்சிக்காரரை அழைத்தார்.

நர்ஸ் இருக்கும் வீட்டின் மாடிப்படி செங்குத்தானது. தரகர் நடுவில் ஒருமுறை நின்று, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு முழங்காலை நீவினார். இந்தப் படிகளில்தான் பெரியவரைத் தூக்கி இறக்குகிறார்கள்.

மேலே கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே அட்டைப்பெட்டிகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு பெரியவர் வாசலைப் பார்த்தபடி சக்கர நாற்காலியில் இருந்தார். அவர் மடியில் சுவர்க்கடிகாரம் ஒன்று, ஓடிக்கொண்டே.

"வாங்கண்ணே!" பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்தார். "சாவி கொண்டுவந்துட்டீங்களா? மாமா விடிஞ்சதுலேருந்து சட்டையைப் போட்டுக்கிட்டு ரெடி."

"உள்ள வாங்க, ஏன் வெளியிலயே நிக்கிறீங்க?" என்றார் பெரியவர்.

தரகர் செருப்பைக் கழற்றினார். நிலைப்படிக்கு வெளியிலேயே நின்று, திறந்திருந்த கதவை இரண்டு தட்டுத் தட்டினார்.