றோலர்க்காரரின் லோயர்

ஊர்காவற்றுறையில் ஜொய்சிக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: ‘றோலர்க்காரன்ரை லோயர்’. பல்கலைக்கழகத்தில் சர்வதேசச் சட்டம் ஆராய்கிற பிள்ளைக்கு, அதுவும் அம்புறோசின் மூத்த மகளுக்கு, இந்தப் பெயர் எப்படி வந்து ஒட்டியது என்று வெளியாள் யாராவது கேட்டால் ஊர் விழுந்து விழுந்து சிரிக்கும். இப்போது அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஒட்டிய மாதத்தில் மட்டும் அழுது மூக்கைச் சிந்திக்கொண்டு திரிந்தாள்.

கடலடியை வழித்துக்கொண்டு போகும் இழுவைப் படகுக்குத்தான் இங்கே றோலர் என்று பெயர். எல்லை தாண்டி வந்த ஒரு றோலர் அம்புறோசின் வலை முழுவதையும் ஒரே வாரலில் அள்ளிக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து மனிதருக்குப் படகுத் தொழில் பாதி, கரையில் நின்று இரு பக்கமும் கயிறு பிடித்துக் கூட்டமாகக் கரைவலை இழுப்பது பாதி. றோலர் என்ற சொல்லைக் கேட்டாலே சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிடுவார்.

ஜொய்சி சட்டம் படித்த மூன்றாம் வருடத்தில் ஒரு போட்டி வந்தது. மாதிரி நீதிமன்றம் என்பார்கள். இல்லாத இரண்டு நாடுகளுக்கு ஒரு வழக்கை உண்டாக்கி, மாணவர்களைச் சட்டத்தரணிகளாக நிறுத்தி வாதாடவிடுவது. அந்த வருடத்து வழக்கு கடலைப் பற்றியது. ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில், “இது எங்கள் பரம்பரை உரிமை” என்று சொல்லி றோலரில் மீன் பிடிக்கலாமா, கூடாதா? எல்லாம் தமிழில்தான்.

ஜொய்சி இதைத் தாய் ஞானசவுந்தரிக்கு விளக்கமாகத்தான் சொன்னாள். ஞானசவுந்தரி அதை அந்தோனியார் கோயில் சுவாமியாருக்குச் சொல்லும்போது ‘மாதிரி’ என்ற சங்கதியை வழியில் எங்கோ விட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிவில் சுவாமியார், “எங்கடை பங்குப் பிள்ளை ஜொய்சி சர்வதேச நீதிமன்றத்தில எங்கடை கடலுக்காகக் கதைக்கப் போறா. எல்லாரும் மன்றாடுங்கோ” என்று அறிவித்துவிட்டார். அவ்வளவுதான்! கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் றொபேட் வெற்றிக்காக ஒரு பூசைக்குக் காசு கட்டினார். சனம் கும்பலாகப் போய்ப் பார்ப்பதற்கு பஸ்ஸும் பிடிக்கப்பட்டது. அம்புறோஸ் இரண்டு கிழமை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கடற்கரையில் நடந்தார்.

எந்தப் பக்கம் யார் வாதாடுவது என்று போட்டி நடத்தியவர்கள் அதற்குப் பிறகுதான் சீட்டுப் போட்டார்கள். ஜொய்சியின் கைக்கு வந்தது றோலர்க்காரரின் பக்கம்.

அவள் வீட்டில் மூச்சு விடவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் வந்து குந்திய றொபேட்தான், “பிள்ளை, அவங்களை எப்பிடி மடக்கப் போறீர்?” என்று கேட்டார். ஜொய்சிக்குப் பொய் சொல்ல வராது. சொல்லிவிட்டாள். பஸ் வேலணையைத் தாண்டுவதற்குள் விஷயம் அவளுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது.

அன்றைக்கே பட்டப்பெயர் வந்தது. சந்தையில் ஞானசவுந்தரியிடம், “மருமகன் றோலர்க்காரனோ?” என்று பகிடி விட்டார்கள். அதையும் தாங்கலாம். அம்புறோஸ் மகளோடு பேசுவதை நிறுத்தியதைத்தான் ஜொய்சியால் தாங்க முடியவில்லை. அவள் குசினிக்குள் வந்தால் அவர் முற்றத்துக்குப் போவார். முற்றத்துக்கு வந்தால் கடலுக்குப் போவார்.

“நான் அரைகுறையாக் கதைச்சுத் தோக்கப் போறன்” என்று ஜொய்சி கூட்டாளி கோபிகாவிடம் சொன்னாள். இருவரும் ஒரே அணி.

“உமக்கென்ன விசரே? நானும் உம்மோட நிக்கிறன், தெரியுமோ?”

“உம்மோட உம்மடை அப்பா கதைக்கிறார். என்னோட?”

போட்டியிலே தோற்றால் கோபிகாவின் உழைப்பும் சேர்ந்து போகும். வென்றால் வீட்டு வாசலில் கால் வைக்க ஏலாது. இப்படி ஒரு பொறியில் மாட்டுப்பட்டவள் நல்லபடி நித்திரை கொள்வாளா?

போட்டிக்கு முதல் நாள் பின்னேரம் அம்புறோஸ் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். ஞானசவுந்தரி தேத்தண்ணியை மகளிடம் கொடுத்து அனுப்பினாள். அவர் வாங்காமல் மறுபக்கம் திரும்பினார். ஜொய்சிக்குப் பொறுமை போய்விட்டது.

“நான் ஆசைப்பட்டே போனனான் அப்பா? சீட்டு விழுந்தது! நான் என்ன செய்யிறது?”

அம்புறோசின் கை நின்றது. “என்ன சீட்டு?”

“எந்தப் பக்கம் கதைக்கிறதெண்டு சீட்டுப் போட்டவை. எனக்கு அது விழுந்திட்டுது.”

இந்தக் கரையில் கரைவலை இழுப்பவர்களுக்குச் சீட்டு என்றால் விளையாட்டில்லை. கரையைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு பாடு. எந்தக் கூட்டம் எந்தப் பாட்டில் வலை வளைப்பது என்பதை அந்தோனியார் சொரூபத்துக்கு முன்னால் திருவுளச்சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்வார்கள். மீன் புரளும் பாடு விழலாம், கல்லும் சொறிமுட்டையும் கிடக்கிற பாடு விழலாம். விழுந்த பிறகு முணுமுணுத்தவனை ஒருவரும் மதிப்பதில்லை.

“இதை ஏன் முதலே சொல்லேல்லை?” என்றார் அம்புறோஸ்.

“நீங்கள் எங்கை கேட்டனீங்கள்? பயப்பிடாதேங்கோ. நான் சும்மா ரெண்டு வார்த்தை கதைச்சிட்டுத் தோத்திட்டு வாறன்.”

அம்புறோஸ் துள்ளி எழும்பினார். இப்போது வந்த கோபத்துக்குப் பக்கத்தில் பழைய கோபம் ஒன்றுமே இல்லை. “என்ன சொன்னனீ? கல்லுப் பாடு விழுந்துதெண்டு வலையைப் பாதியா விட்டிட்டு வாறவனை நான் எங்கடை கூட்டத்தில வைச்சிருப்பனோ? அந்தப் பிள்ளை கோபிகா மற்றக் கயித்தைப் பிடிச்சுக்கொண்டெல்லோ நிக்குது! விழுந்தால் விழுந்தது. இழு. முழுசா இழு!”

பேசி முடித்துவிட்டுத் தேத்தண்ணியை வாங்கி ஒரே மடக்கில் குடித்தார். நல்லாய் ஆறிப்போயிருந்தது.

மறுநாள் யாழ்ப்பாணத்தில் மண்டபத்தின் பின்வரிசைகள் முழுக்க ஊர்காவற்றுறைச் சனம். கோயிலுக்குப் போகிற உடுப்போடு, மன்னிக்க மனம் வராத முகத்தோடு. ஜொய்சி அந்தப் பக்கம் பார்க்காமல் எழும்பினாள்.

ஆனால் வாய் திறந்தவள் திறந்தவள்தான். கடலில் கோடு கீறியபோது அந்த மீனவரை யார் கேட்டது என்றாள். றோலரில் நிற்பவன் முதலாளி இல்லை, நாட்கூலிக்கு இழுக்கிறவன், அவனுடைய தகப்பனும் அதே தண்ணீரில் பாய்மரத்தில் வந்தவன் என்றாள். நீதிபதியாக இருந்தவர் குறுக்கிட்டு, “றோலரும் பாய்மரமும் ஒன்றா?” என்று கேட்டார்.

“பாய்மரத்துக்குப் பதிலாக இயந்திரம் பூட்டினால் பரம்பரை உரிமை போய்விடும் என்றால், கனம் நீதிபதி அவர்களே, எதிர்த்தரப்பு மீனவரின் படகுகளிலும் இயந்திரம் இருக்கிறது. அவர்களுடைய உரிமை மட்டும் எப்படி மிஞ்சும்?”

அம்புறோஸ் தன் கைகளைக் குனிந்து பார்த்தார். விடியற்காலையில் இயந்திரத்தின் கயிற்றை இழுத்து இழுத்துக் காய்த்த கைகள் அவை.

ஜொய்சியின் அணி வென்றது. கை தட்டுவதா, விடுவதா என்று தெரியாமல் பின்வரிசை முழுவதும் றொபேட்டைப் பார்த்தது. றொபேட் அம்புறோசைப் பார்த்தார். அம்புறோஸ்தான் முதலில் தட்டினார். கண் கலங்கியிருந்தது, அதைத் துடைக்கவும் இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மகளுக்குப் பக்கத்தில் இருந்தார். பண்ணைப் பாலம் போய், மண்டைதீவுச் சந்தியும் போய், மண்கும்பானும் வந்தது. மனிதர் யன்னலால் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் கோவமே அப்பா?” என்று ஜொய்சி கேட்டாள்.

“கோவமில்லை, பயமாக்கிடக்கு” என்றார். “அவங்களிட்டை ஒரு நியாயமும் இல்லையெண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான். அந்த எஞ்சின் கேள்விக்கு என்னட்டைப் பதில் இல்லைப் பிள்ளை. நாளைக்கு உண்மையான நீதிமன்றத்தில ஆரும் அதைக் கேட்டால் நாங்கள் என்னத்தைச் சொல்லுறது? கேட்டது நீ. பதிலையும் நீதான் தேடவேணும்.”

அந்தப் பதிலைத்தான் ஜொய்சி இன்றைக்கும் தேடுகிறாள். முதுமாணிப் பட்டத்து ஆராய்ச்சிக்குத் தலைப்பு என்ன என்று பேராசிரியை கேட்டபோது அவள் யோசிக்கவே இல்லை. கடலடி முழுவதையும் வழிக்கிற கருவிக்குப் பரம்பரை உரிமையில் இடமுண்டா, கருவி எந்த அளவுக்கு மாறினால் உரிமை மாறும்? தீர்ப்புகளாக வாசித்துத் தள்ளுகிறாள். பிடித்துவிட்டேன் என்று ஒரு வாதத்தோடு துள்ளுவாள். அடுத்த கிழமை அதைத் தானே உடைப்பாள். ஏனென்றால் மறுபக்கத்து லோயர் எப்படி உடைப்பாள் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

போன சனிக்கிழமையும் வீட்டுக்கு வந்தாள். பை தோளில் இருக்கும்போதே அம்புறோஸ் கேட்டார்.

“பதில் கிடைச்சுதே?”

“இன்னும் இல்லையப்பா.”

“அப்ப என்னத்துக்கு இஞ்சை வந்தனீ?” என்றவர், குசினிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். “இஞ்சரப்பா, பிள்ளைக்குக் கெதியாச் சோத்தைப் போடு. அவளுக்கு வேலை கிடக்கு.”