எட்டுப் பாகம் ஆழம்

சுகிர்தன் மூக்கைப் பொத்திக்கொண்டு கன்னங்களை உப்பவைக்கிறார். கைபேசித் திரையில், கொழும்பு மருத்துவமனையில் படுத்திருக்கும் தங்கை சுமித்திரா அதையே செய்கிறார். “காது ‘டொப்’ எண்டுதோ? இல்லையெண்டால் எச்சிலை விழுங்கு பிள்ளை.” முல்லைத்தீவுக் கரையில் கிழிந்த வலை பொத்துபவர்கள் சிரிக்கிறார்கள். “தங்கச்சியும் கடலட்டை பிடிக்க வாறாவோ?”

சுகிர்தன் கடலட்டைக்குச் சுழியோடியவர். ஒருமுறை காற்றுக்குழாய் அறுந்து, அடியிலிருந்து சட்டென்று மேலே வந்ததில் கால் மரத்துப்போனது. காற்றழுத்தத்தைக் கூட்டும் மூடிய ‘அழுத்த அறை’யில் ஒக்சிசன் கொடுத்துத்தான் நடக்கவைத்தார்கள். இன்னமும் இழுத்துத்தான் நடக்கிறார். எதையும் பாகத்தில் அளப்பார்: இரு கைகளையும் விரித்தால் ஒரு பாகம். மருத்துவமனையின் உயரம்கூட அவருக்குப் பாகக் கணக்குத்தான்.

சுமித்திராவுக்கு இரத்தப் புற்றுநோய். அண்ணனின் குருத்தணுக்கள் பொருந்தின. அவற்றை ஏற்றுமுன் அழுத்த அறையில் ஒக்சிசன் சுவாசித்தால், அவை எலும்பு மச்சையில் விரைவாகக் குடியேறலாம் என்பது மருத்துவர்களின் எதிர்பார்ப்பு, பரிசோதனை முயற்சிதான். குடியேறத் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் கிருமிக்குத் திறந்த வாசல்.

சுமித்திரா மறுத்தார். கடைசி யுத்தத்தில் இடிந்து மூடிய பங்கர்ப் பதுங்குகுழிக்குள்ளிருந்து தோண்டி எடுக்கப்பட்ட சிறுமி அவர். “மூடி போட்டால் செத்திடுவன் அண்ணா.” சுகிர்தன் ஒருநாளும் “பயப்பிடாதை” என்று சொன்னதில்லை. “பயப்பிடு. காதை மட்டும் மறந்திடாதை” என்பார்; அழுத்தம் ஏறினால் கடலடியில் போலவே காது அடைக்கும். பல நாள் கழித்துத்தான் சுமித்திரா தலையசைத்தார்.

சிகிச்சை நாளன்று சுகிர்தனுக்குத் துணையாக நானும் கொழும்புக்குப் போயிருந்தேன். கண்ணாடிக் குழாய் போன்ற அழுத்த அறைக்குள் சுமித்திரா படுத்ததும் மூடி பூட்டப்பட்டது. சுகிர்தன் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு, உள்ளே ஏறும் அழுத்தத்தைக் கடலாழமாக எண்ணிச் சொன்னார். “ரெண்டு பாகம்… நாலு… எட்டு. இனி இறக்கமில்லை.” பிறகு கருவியை இயக்கியவரிடம் திரும்பினார். “மேல எடுக்கேக்க நிப்பாட்டி நிப்பாட்டி எடுங்கோ தம்பி.” சுத்தமான ஒக்சிசன் சுவாசிப்பவருக்கு அப்படி நிறுத்தத் தேவையில்லை என்று இயக்குபவர் விளக்கினார். “ஓம், விளங்குது. எண்டாலும் மெல்ல ஆறுதலா எடுங்கோ.”

உள்ளே சுமித்திராவின் விரல்கள் போர்வையைக் கசக்கின.

“அண்ணா, நிக்கிறியோ?”

“நிக்கிறன். எங்க போறது?”

“கதைச்சுக்கொண்டிரு.”

“சின்னனில வாயை மூடு எண்டு என்னைப் பாத்துக் கத்தினது ஆர்?”

ஒலிபெருக்கியில் மெல்லிய சிரிப்பு கேட்டது. தாதி ஒரு கதிரையை இழுத்து வைத்தார். சுகிர்தன் உட்காரவில்லை. கடலடியில் ஆள் இருக்கும்வரை, படகில் நிற்பவர் கயிற்றை விடுவதில்லை. அவர் ஒலிவாங்கியின் வயரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, மிச்சத்தைக் கைக்குள் இறுகப் பிடித்துக்கொண்டார்.